அத்தரா, ரோல்-ஆனா, ஸ்ப்ரேயா, சொந்தக் கலவையா: கடற்கரை ஊரில் தோலில் எது எப்படி மணக்கும்?

கடையில் குப்பியின் மூடியைத் திறந்து முகர்ந்தபோது மல்லிகையாக இருந்தது, வீடு வந்து சேர்வதற்குள் சோப்புத்தூள் வாசனையாகிவிட்டது என்பது வாசனை எண்ணெய் வாங்குகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. அண்ணன் பூசினால் மணக்கிற அதே எண்ணெய் தம்பி பூசினால் ஏன் மங்கிப்போகிறது என்பது அதைவிடக் குழப்பமான கேள்வி. புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் முதுநகர் பள்ளிவாசலை ஒட்டியோ வாங்கினாலும் இந்தக் குறைகள் மாறுவதில்லை. விற்றவரின் மீது பழியைப் போடுவது எளிது. ஆனால் பெரும்பாலும் தவறு நடப்பது, குப்பியின் வாய் மணத்தை வைத்து முடிவெடுக்கும் அந்த அரை நிமிடத்தில்தான்.

இப்போது நம் பகுதியில் ஒருவர் முன் நான்கு வழிகள் உள்ளன: சந்தன எண்ணெயில் இறக்கிய பழைய முறை அத்தர், ரோல்-ஆன் குப்பிகளில் வரும் செயற்கைக் கலவை எண்ணெய், ஆல்கஹால் சேர்த்த ஸ்ப்ரே, எசென்ஷியல் ஆயில் என்னும் செறிவான தாவர மண எண்ணெயை வாங்கித் தாமே கலந்துகொள்வது. பூவின் பெயரைக் கேட்டு வாங்குவதைவிட, அந்தப் பூ எதில் கரைந்திருக்கிறது என்று கேட்டு வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எந்த நறுமணமும் ஒற்றைப் பொருளன்று. பல வேதிப்பொருள்களின் கூட்டம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் மிக விரைவில் ஆவியாகிவிடும். லாவெண்டரின் லினலூல், மல்லிகையின் பென்சைல் அசிட்டேட், ரோஜாவின் பினைல் எத்தில் ஆல்கஹால் ஆகியவை அதற்குப் பின்னால் மெல்ல எழுகின்றன. சந்தனத்தின் சாண்டலாலும் வெட்டிவேரின் கனத்த பொருள்களும் மணிக்கணக்கில் தோலிலேயே கிடக்கின்றன. இவற்றைத் தலைமணம், இடைமணம், அடிமணம் என்று பிரிப்பார்கள். கடையில் நாம் முகர்வது பெரும்பாலும் தலைமணத்தை. பகல் முழுவதும் நம்முடன் இருக்கப்போவது அடிமணம். ஆகவே முதல் அளவுகோல், நான்கு மணி நேரத்துக்குப் பின் என்ன மிஞ்சுகிறது என்பதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் தோல் அதை எவ்வளவு மாற்றுகிறது என்பது. தோலின் மேற்பரப்பு வெப்பம் ஏறக்குறைய 32 முதல் 34 டிகிரி வரை இருக்கும்; மணிக்கட்டு, கழுத்து, முழங்கையின் உட்புறம் ஆகிய இடங்களில் மணம் எளிதாக எழும். எண்ணெய்ப் பசையுள்ள தோல் நறுமணப் பொருள்களைத் தன் பசையில் கரைத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வறண்ட தோலில் அதே துளி சீக்கிரம் மெலிந்துபோகிறது. அண்ணன் தம்பிக் கணக்கில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். வியர்வைக்குத் தனியே பெரிய வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள், குறிப்பாக அக்குளில், அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது, பூசிய மணம் அந்த வாடையோடு கூடியே மூக்குக்கு வருகிறது. தோலின் அமிலத்தன்மை மணத்தைப் புரட்டிப் போட்டுவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பசையும் சூடும் ஈரமுமே பெரிதாகப் படுகின்றன. ஆளுக்கு ஆள் மாறுவதற்குப் பெயர்போன மணம் என்றால், அது நம் பூக்கடைகளில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தின் எண்ணெய்தான்: ஒருவர் கையில் பழுத்த பழத்தின் இனிப்பாகவும் இன்னொருவர் கையில் பச்சிலைக் கசப்பாகவும் அது மணப்பதாக வாசனைத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வதுண்டு.

மூன்றாவது, மணம் எவ்வளவு தூரம் எட்ட வேண்டும் என்பது. நான்காவது, விலைச்சீட்டில் எழுதாத செலவு.

கடலோரத்தின் ஈரக்காற்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இங்கே தோல் பெரும்பாலும் கசகசப்பாகவே இருக்கிறது. அலுவலகத்தின் குளிரூட்டிய அறைக்குள் நுழைந்ததும் தோல் குளிர்ந்து ஆவியாதல் குறைய, மணம் தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். மதியம் வெயிலில் இறங்கியதும் அது மறுபடி எழும். தீர்ந்துவிட்டதென்று எண்ணி உள்ளேயே இரண்டாம் முறை பூசிக்கொண்டவர்கள் வெளியே வந்ததும் தம்மைச் சுற்றி ஒரு வாசனைக் கடையையே சுமந்து நடக்கிறார்கள்.

## சந்தன எண்ணெயில் இறக்கிய அத்தர்

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரம் இதற்குப் பேர்போனது. ‘டேக்’ என்னும் செம்புக் கொப்பரையில் பூவும் நீரும் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, அடியில் விறகோ வறட்டியோ எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் ‘பப்கா’ என்ற பாத்திரத்துக்குள் இறங்கும். அந்தப் பாத்திரத்தில் முன்பே சந்தன எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும்; நாள்தோறும் புதுப் பூப் போட்டு மீண்டும் மீண்டும் வடிக்க, அந்த எண்ணெய் பூவின் மணத்தைக் குடித்துக்கொண்டே போகும். பூவைச் சந்தனத்தில் கலந்தார்கள் என்பதைவிடப் பூவைச் சந்தனத்துக்குள் ஊற வைத்தார்கள் என்பதே சரி. சந்தனம் சேர்க்காமல் பூவையோ வேரையோ மட்டும் வடித்தால் அதற்கு ‘ரூஹ்’ என்று பெயர். சுட்ட மண்ணை வடித்து முதல் மழையின் மணத்தை எடுக்கும் மண் அத்தரும் அங்கே உண்டு. ஐப்பசியில் அதை வாசலில் நின்றே இலவசமாக முகரும் கடலூர்க்காரருக்கு அது தேவைப்படாது.

தோலில் இதன் நடத்தை நிதானமானது. ஆல்கஹால் இல்லாததால் முதல் வீச்சு கிடையாது. பூசிய பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் வெந்த பூவின் வாடை, ஒரு பச்சைத்தன்மை தெரியும். நெருப்பில் காய்ந்து வந்ததன் தடம் அது. புதிதாக வாங்குகிறவர்கள் இந்தக் கட்டத்திலேயே முகத்தைச் சுளித்துக் குப்பியைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அரை மணி கழித்துப் பூ விரிகிறது. மூன்று நான்கு மணிக்குப் பின் பூ பின்வாங்க, பாலின் கொழுமையுள்ள சந்தனம் மட்டும் தங்குகிறது. ரோஜாவாகத் தொடங்கியது சந்தனமாக முடிவதைப் பலர் கலப்படம் என்று நினைக்கிறார்கள். அப்படி முடிந்தால்தான் அடியில் சந்தனம் இருந்தது என்று பொருள்.

இதன் மறைச்செலவு நம்பகத்தன்மை. நல்ல சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டி விற்கிறது. அப்படியென்றால் 10 மில்லி லிட்டருக்கு அடி எண்ணெய் மட்டுமே ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது, பூவும் விறகும் கூலியும் கடை லாபமும் தனி. அதே அளவு ‘ஒரிஜினல் சந்தன அத்தர்’ இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது அடுத்த பிரிவில் வரும் பொருள் என்று எடுத்துக்கொள்ளலாம். வாசனை நன்றாக இருக்கலாம். ஆனால் அது வேறு பொருள். அத்தரைத் தோலா கணக்கில் விற்கும் கடைகளில், ஒரு தோலா சுமார் 11.66 கிராம் என்பதை நினைவில் வைத்து விலையைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. கறையும் ஒரு செலவு. வெள்ளை வேட்டியின் மடிப்பில் ஒரு துளி சிந்தி, நான்கு சலவைக்குப் பின்னும் வெளுக்காத மஞ்சள் வட்டம் ஒன்று என்னிடம் இன்றும் இருக்கிறது.

நெருங்கி உட்காரும் இடங்களுக்கு இது ஏற்றது: வழிபாடு, சிறு கூட்டம், பேருந்தின் மூவர் இருக்கை. ஆல்கஹால் கலந்ததைத் தொழுகைக்கு முன் தவிர்க்க விரும்புகிறவர்களுக்கும் இதுவே இயல்பான தேர்வு. ஆனால் கல்யாணத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். வாசலிலேயே பன்னீர் தெளித்துச் சந்தனக் கிண்ணத்தை நீட்டும் மண்டபத்தில் உங்கள் விலையுயர்ந்த சந்தனம் யாருக்கும் தனியாகத் தெரியாது.

## ரோல்-ஆன் கலவை எண்ணெய்

கடைகளில் ‘அத்தர்’ என்ற பெயரிலேயே பெரும்பாலும் கிடைப்பது இதுதான். வெளிநாட்டு செண்டுகளின் பெயரையோ பூக்களின் பெயரையோ தாங்கிய செயற்கை மணக்கலவையை, மணமில்லாத ஒரு கரைப்பானில் கலக்கிறார்கள்; டைபுரொப்பிலீன் கிளைக்கால், ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட், திரவ பாரஃபின் போன்றவை அந்த வேலைக்குப் பயன்படுகின்றன. செயற்கை என்பதாலேயே இதை நான் ஒதுக்கவில்லை. இயற்கை மல்லிகைச் சாற்றின் விலையில் எட்டாத மணம் பலருக்கு இதனால்தான் கையில் வந்தது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்ப்ரேக்கென வடிவமைத்த மணத்தை எண்ணெயில் இறக்கும்போது அதன் வீச்சான தலைமணம் அமுங்கிப்போகிறது. கனமான எண்ணெய் அதை மேலே எழ விடுவதில்லை. எலுமிச்சையும் பழமும் தெரியாமலே போய், மணம் சீக்கிரமே செயற்கைக் கஸ்தூரிக்கு இறங்கிவிடுகிறது. இந்தக் கஸ்தூரிகளில் பல, துணி துவைக்கும் தூளிலும் துணி மென்மையாக்கியிலும் சேர்க்கப்படுகின்றன. தொடக்கத்தில் சொன்ன சோப்புத்தூள் புகாரின் விடை இதுவே: மணம் கெட்டுப்போகவில்லை, நம் மூக்கு அதை ஏற்கெனவே சலவையோடு சேர்த்துப் பழகிவிட்டது.

இன்னொரு வினோதமும் உண்டு. செயற்கைக் கஸ்தூரிகளில் சிலவற்றைச் சிலருடைய மூக்கு உணர்வதே இல்லை. மற்ற மணமெல்லாம் தெரியும், அது மட்டும் தெரியாது. அதோடு எந்த மணத்துக்கும் நம் மூக்கு சில நிமிடங்களிலேயே பழகி மரத்துப்போகிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தால், ‘இது நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்று சொல்லி அவர் மறுபடி உருட்டிக்கொள்வார். காலை எட்டு மணிக் கடலூர்–புதுச்சேரிப் பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காமல் அப்படிப்பட்டவர் பக்கத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். கலவை எண்ணெய் வாங்குகிறவர் வீட்டில் வேறொருவரின் மூக்கைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

மறைச்செலவுகளில் முதலாவது, பல குப்பிகளில் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலே இல்லாதது. தோல் அரித்தால் எதனால் என்று மருத்துவரிடம் சொல்ல வழியில்லை. இரண்டாவது, உருளும் குண்டு. ஒவ்வொரு முறையும் அது தோலின் பசையையும் வியர்வையையும் வழித்துக்கொண்டு குப்பிக்குள் திரும்புகிறது. சில மாதத்தில் அடியிலிருக்கும் எண்ணெய் சிக்குப் பிடித்து மணப்பதற்கு அதுவே காரணமாகலாம். குளித்துத் துடைத்த தோலில் மட்டும் உருட்டுவது குப்பியின் ஆயுளைக் கூட்டும்.

மணம் நீண்ட நேரம் தங்க வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும், எந்த வகை மணம் தமக்குப் பிடிக்கும் என்று இன்னும் தெரியவில்லை என்பவர்களுக்கு இதுவே சரியான தொடக்கம். தலையில் நிஜ மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு மல்லிகை ரோல்-ஆன் பூசுவதை மட்டும் தவிர்க்கலாம். பக்கத்தில் அசல் இருக்கும்போது நகல் உடனே அம்பலமாகிவிடும்.

## ஆல்கஹால் ஸ்ப்ரே

இதைப்பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆல்கஹால் ஓரிரு நிமிடத்தில் பறந்துபோகும்போது தலைமணத்தையும் அள்ளி வீசுகிறது. மணம் அறை முழுக்க எட்டுவதும் மூன்று கட்ட மாற்றம் தெளிவாகத் தெரிவதும் இதில்தான். ‘ஓ தெ துவாலெத்’ என்று எழுதியிருப்பதைவிட ‘ஓ தெ பர்ஃபம்’ என்று எழுதியிருப்பதில் மணப்பொருளின் விகிதம் கூடுதல். புதிதாகச் சவரம் செய்த தோலில் எரியும், வறண்ட தோலை இன்னும் வறட்டும், விளக்கேற்றிய பூஜையறையில் அடிப்பது ஆபத்து. கல்யாண மண்டபத்துக்கும் மேடைக்கும் நேர்காணல் அல்லாத எந்தக் கூட்டத்துக்கும் இதுவே பொருந்தும்.

## தாமே கலக்கும் எண்ணெய்

என் சாய்வு இந்தப் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை. அதற்குக் காரணம் வெட்டிவேர். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கத்துக் கடலோர மணலில் வெட்டிவேர் பயிரிடுகிறார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர்களும் உலகத்து வாசனைத் தொழிலும் ‘வெத்திவேர்’ என்று சொல்லும் சொல் நம் மொழியிலிருந்து போனது. மண்பானைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கும்போது தெரியும் மணம் வேறு. வேரைப் பல மணி நேரம் ஆவியில் வடித்து எடுத்த எண்ணெயின் மணம் வேறு. எண்ணெய் முதலில் ஈர மண்ணும் புகையும் கலந்து கரடாக இருக்கும். ஒரு மணி கழித்து அந்தக் கரடுமுரடு போய், காய்ந்த மரமும் மெல்லிய இனிப்பும் தெரியும். வியர்வையோடு கூடினாலும் அது கெடுவதில்லை. மண் சார்ந்த மணம் என்பதாலோ என்னவோ, மே மாதக் கத்திரி வெயிலில் மற்ற மணங்கள் திகட்டும்போது இது மட்டும் குளிர்ச்சியாகவே படுகிறது.

எசென்ஷியல் ஆயிலை நேராகத் தோலில் பூசக்கூடாது. ஒரு மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 20 துளி என்று வைத்தால், 10 மில்லி லிட்டர் கேரியர் ஆயிலுக்கு, அதாவது அதைக் கரைத்துத் தாங்கும் சாதாரண எண்ணெய்க்கு, 4 துளி சேர்ப்பது 2 சதவீதம். பொறுக்கும் தோலுக்கு 10 துளி, அதாவது 5 சதவீதம் வரை போகலாம். எந்த எண்ணெயில் கலப்பது என்பதும் மணத்தை மாற்றுகிறது. நல்லெண்ணெயின் சொந்த மணம் எதையும் விழுங்கிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்குவதால் மார்கழி விடியலில் குப்பிக்குள் வெண்மையாகக் கட்டிக்கொள்ளும், அதன் தேங்காய் வாசனையும் விடாது. ஜோஜோபா எண்ணெய் உண்மையில் ஒரு திரவ மெழுகு. மணம் மிகக் குறைவு, எளிதில் சிக்குப் பிடிக்காது. விலை கூடுதலானாலும் நான் அதையே வாங்குகிறேன்.

இதன் மறைச்செலவு பாதுகாப்பு. பிழிந்து எடுத்த எலுமிச்சை, பெர்கமோட் (ஆரஞ்சு இனப் பழம் ஒன்று) எண்ணெய்களில் உள்ள பெர்காப்டென் போன்ற பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கிக் கருந்தழும்பு விடும். கடற்கரைச் சாலையில் மாலை நடைக்குப் போகும் முன் கழுத்தில் பூசுவதற்கு அவை உகந்தவையல்ல. இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்கள் பலருக்கு ஒவ்வாமை தரும். லாவெண்டரின் லினலூலும் ஆரஞ்சின் லிமோனீனும் காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமை தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. ‘இயற்கையானது, எவ்வளவு நாளானால் என்ன’ என்ற எண்ணம் இங்கே பலிக்காது. பொறுமையில்லாதவர்களுக்கும் அளந்து கலக்க அலுப்புப்படுகிறவர்களுக்கும் இந்த வழி வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | சந்தன அத்தர் | ரோல்-ஆன் கலவை | ஸ்ப்ரே | சொந்தக் கலவை (வெட்டிவேர்) |
|---|---|---|---|---|
| முதல் பத்து நிமிடம் | வெந்த பூ, அடக்கம் | இனிப்பு, தட்டை | பெரும் வீச்சு | ஈர மண், கரடு |
| நான்கு மணிக்குப் பின் | சந்தனம் | சலவைக் கஸ்தூரி | மெலிந்த அடிமணம் | காய்ந்த மரம் |
| எட்டும் தூரம் | ஒரு கை | ஒரு கை முதல் ஓர் இருக்கை வரை | ஓர் அறை | ஒரு கை |
| மறைச்செலவு | போலி, கறை | பட்டியல் இல்லாமை, சிக்கு | வறட்சி | தவறான அளவு, வெயில் |

## வாங்குவதற்கு முன்

குளித்து, மணமில்லாத சோப்பு போட்ட நாளில் கடைக்குச் செல்லுங்கள். ஒரு வருகையில் இரண்டே எண்ணெய். இடது முழங்கையின் உட்புறம் ஒன்று, வலதில் ஒன்று. மணிக்கட்டோடு மணிக்கட்டை வைத்துத் தேய்க்க வேண்டாம். தேய்க்கும் சூட்டில் தலைமணம் வேகமாகப் போய்விடும். காகித அட்டையில் முகர்ந்து விட்டு வந்துவிடவும் வேண்டாம், அட்டைக்கு வியர்க்காது. பத்து நிமிடம், ஒரு மணி, நான்கு மணி ஆகிய மூன்று வேளைகளில் முகர்ந்து, நடுவில் ஒரு முறையாவது வெயிலில் நடந்து பாருங்கள். மூக்கு மரத்துவிட்டால் அதைத் தெளிய வைக்கக் காபிக்கொட்டையைத் தேடி முகர வேண்டியதில்லை. வெளிக்காற்றில் சற்று நேரம் நின்றாலே போதும். கடைக்காரர் அவசரப்படுத்தினால், ஒரு தோலாவுக்குப் பதில் மிகச் சிறிய குப்பியைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மறுநாள் வரலாம்.

தினமும் பேருந்தில் அலுவலகம் போகிறவர் வெட்டிவேர்க் கலவையையோ சந்தன அத்தரையோ எடுத்துக்கொள்ளலாம். இரண்டில் எது என்பதைப் பணப்பை சொல்லட்டும். வறண்ட தோலுள்ளவர் ஸ்ப்ரேயை விட்டு எண்ணெய்க்கு வருவது நல்லது, அதுவும் உடம்புக்குத் தடவும் மணமில்லாத எண்ணெயின் மேல் பூசினால் நேரம் கூடும். அதிகம் வியர்க்கிறவருக்கு இனிப்பு கனத்த ரோல்-ஆன் ஏற்றதன்று. மதியத்துக்கு மேல் அது தேன் புளித்தது போலாகிவிடும். கல்லூரி மாணவர் மூன்று சிறிய ரோல்-ஆன்களில் தொடங்கி, எது தம் தோலில் நான்கு மணிக்குப் பின்னும் பிடிக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு நல்லதொன்றுக்குச் சேர்த்து வைக்கலாம்.

எதை வாங்கினாலும் குளியலறை அலமாரியில் வைக்க வேண்டாம். நம் ஊரின் ஈரமும் அங்குள்ள சூடும் குப்பிக்கு ஆகாது. பைக்கின் டேங்க் பையில் மறந்துவிட்ட குப்பி இரண்டே வாரத்தில் வேறு வாசனையாகிவிடும். என் வீட்டில் அவை பீரோவின் கீழ்த்தட்டில், துணிகளுக்கு அப்பால், இருட்டில் நிற்கின்றன. சந்தன அத்தர் அங்கே ஆண்டுக்கு ஆண்டு மெருகேறுகிறது. ஆரஞ்சு சேர்த்த கலவையின் மேல் கலந்த தேதியை எழுதி ஒட்டி, ஒரு வருடத்தில் கொட்டிவிடுகிறேன்.